மாடி அக்காவுக்கு ஒரு ரஜாய்

டெல்லி லட்சுமிபாய் நகரில் என்னோடு வளர்ந்த கிழவிகளே, கிழவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்துதான் அப்படிக் கூப்பிடுகிறேன். நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் போட்டிருந்தீர்களே, நம் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் கட்டடங்கள், அதன் கீழே ஆளுக்கொரு அழுகை பொம்மை. எனக்கு அழுகை வரவில்லை. எங்கள் பிளாக் இருந்த மூலை எது என்று தேடினேன். தேடும்போதே வயிற்றில் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. அல்சர் இல்லை, பொறாமை. இந்த வயதில் என்ன பொறாமை என்று கேட்டால், அது அந்த வயதில் வந்தது, இன்னும் போகவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் கீழ்வீடு. மாடியில் மாடி அக்காவும் அவளுடைய அப்பா மாடி மாமாவும். மாடி அக்காவின் அம்மா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாடி மாமா வைக்கிற சாம்பாரின் கருகல் வாசனை படிக்கட்டு வழியாக எங்கள் வீட்டுக்கு இறங்கி வரும். உடனே என் அம்மா தூக்குவாளியில் குழம்பை ஊற்றிக்கொண்டு மேலே ஓடுவாள். முதலில் குழம்பு போயிற்று. அப்புறம் தோசை மாவு போயிற்று. அப்புறம் அம்மாவே போய்விட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. காலையில் எனக்குத் தலை பின்னுகிற நேரத்துக்குச் சரியாக மாடி அக்கா சீப்போடு வந்து நிற்பாள். பஸ் பிடித்து ஆபீஸ் போகிறவளாம், அவசரமாம், முதலில் அவளுக்காம். எனக்கு அப்பா பின்னிவிட்டார். அப்பா பின்னிய ஜடையோடு பள்ளிக்கூடம் போனவர்களுக்குத்தான் என் கஷ்டம் தெரியும்.

நான் ஒரே பெண். அம்மாவைப் பங்கு போட்டுப் பழக்கமே இல்லை. அதனால் மாடி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது காலனியிலேயே அதிகம் சந்தோஷப்பட்ட ஆள் நான்தான். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் மதுரை, வேலை டெல்லியில், மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ். தை மாதம் முகூர்த்தம். அவள் போய்விட்டால் அம்மா முழுசாக எனக்குத் திரும்பக் கிடைத்துவிடுவாள். மார்கழி எப்போது முடியும் என்று காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் புகுந்து கெடுத்தவள் பக்கத்துவீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி. எங்கள் பிளாக்குக்கு முன்னால் இருந்த புல்வெளியில் மத்தியான வெயிலுக்குப் பெண்களெல்லாம் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்வார்கள். மடியில் வேர்க்கடலை, கையில் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி. ஒருநாள் ஆன்ட்டி கேட்டாள், "மத்ராசி பஹன்ஜி, பிட்டியா கோ ரஜாய் கௌன் தேகா?" பெண்ணுக்கு யார் ரஜாய் கொடுப்பார்கள் என்று. அவர்கள் வழக்கப்படி கல்யாணமாகிப் போகிற பெண்ணோடு, குளிருக்குப் போர்த்திக்கொள்ளப் பஞ்சு அடைத்த ரஜாயை அம்மா அனுப்ப வேண்டும். ரஜாய் இல்லாமல் போனால் மாமியார் வீட்டில், பெற்றவள் இல்லையோ என்று கேட்டுவிடுவார்களாம்.

என் அம்மா பிறந்து வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம். அங்கே பெட்ஷீட்டே அதிகம், ரஜாயைப் பற்றி யாருக்குத் தெரியும்? ஆனால் ஆன்ட்டி சொன்னது அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னாள். "தாயில்லாத பிள்ளைன்னு ஒருத்தரும் அவளைச் சொல்லப்பிடாது, கேட்டேளா. ரஜாய் நான் தைக்கேன். நம்ம பிளாக்குல இருக்க எல்லா வீட்டுத் துணியும் அதுல இருக்கணும்."

"கடையில ஒண்ணு வாங்கிக் குடுத்திரலாமே" என்றார் அப்பா.

"கடையில வாங்குததுக்கு அம்மை எதுக்கு?"

அம்மை! நான் ஹோம்வொர்க் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினேன். யாருக்கு யார் அம்மை?

மறுநாளிலிருந்து வீட்டுக்கு வீடு துணி வந்தது. ஆன்ட்டி தன் கல்யாண சல்வாரிலிருந்து ரோஜாக் கலரில் ஒரு துண்டு தந்தாள். எதிர் பிளாக் வங்காளி மாஷி சிவப்புக் கரை வெட்டித் தந்தாள். தமிழ்ச் சார் வீட்டு அம்மா ரவிக்கை தைத்த மிச்சம் ஒரு பை நிறையக் கொடுத்தாள். உங்களில் பாதிப் பேர் வீட்டுத் துணி அதில் உண்டு, உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. அம்மா ஒரு பழைய அட்டையை அளவாக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டுவாள். மாடி அக்கா ஆபீஸ் விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் எது என்று தரையில் பரப்பிப் பார்ப்பாள். இருவர் தலையும் ஒட்டிக்கொண்டிருக்கும். தேங்காயெண்ணெய் வாசனை ஒன்றாகவே வரும். நான் தண்ணீர் கேட்டால், "எடுத்துக் குடிட்டி, கை ஒழியல" என்பாள் அம்மா.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தரையில் பச்சைப் பட்டுச் சதுரம் ஒன்று கிடந்தது. மயில் பச்சை.  அது என்னுடைய பாவாடை. ஒரு தீபாவளிக்கு எடுத்தது, என் தாய்மாமா கல்யாணத்துக்கும் கட்டியது.

"எம்மா! என் பாவாடை!"

"அது உனக்கு முழங்காலுக்கு மேல ஏறிட்டேட்டி. பொட்டில சும்மாதானே கெடந்துது."

"கிடந்தா என்ன? அது என்னோடது!"

"அக்காவுக்குத்தானே குடுக்கோம். ஆசையாக் குடுக்க வேண்டாமா?"

மாடி அக்கா உடனே அந்தச் சதுரத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். "வேணாம்னா விட்டுடலாம். நீ வெச்சுக்கோடா" என்றாள். எனக்கு இன்னும் ஆத்திரம். வெட்டின துணியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பெருந்தன்மை வேறு காட்டுகிறாள்! "நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

நடுச் சதுரம் மட்டும் நிரம்பாமல் கிடந்தது. அது எல்லாவற்றையும்விடப் பெரியது. அதில் என்ன வைப்பது என்று அம்மா யோசித்துக்கொண்டிருந்தபோது, மாடி அக்கா மேலே போய் ஒரு சேலையை மார்போடு அணைத்தபடி கொண்டுவந்தாள். அவள் அம்மாவின் சுங்குடிச் சேலை. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சுமங்கலியாப் போனவுக சேலை. இதைவிட என்ன ஆசீர்வாதம் வேணும்? நடுவுல இதான் வரணும்" என்றாள். அழுதுகொண்டேதான் வெட்டினாள். இருவரும் அழுதார்கள். என் அம்மாவின் கை அவள் முதுகில் இருந்தது.

நான் கதவோரம் நின்று கணக்குப் போட்டேன். செத்துப்போன அம்மா ஒருத்தி, என் அம்மா ஒருத்தி. ஆக, அவளுக்கு இரண்டு அம்மா. எனக்கு?

அதுவரை அவள் என் அம்மாவை அத்தை என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் ஒரு மத்தியானம், புல்வெளியில் எல்லோரும் இருக்கும்போது, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அம்மா, இந்தத் தையல் நேரா இருக்கா பாருங்க" என்றாள். வாய் தவறி வந்ததுதான். அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் அம்மா திருத்துவாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். திருத்தவில்லை. "நேராத்தான் இருக்கு, தையி" என்றாள். பஞ்சாபி ஆன்ட்டி கடலைத் தோலை ஊதிவிட்டு, "சகி பேட்டி ஸே பீ ஜ்யாதா!" என்றாள். பெற்ற மகளைவிட மேலாம். பெற்ற மகள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள், பாவிகளா.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமையில் எனக்குப் பசி அடங்கிவிடும், இன்றைக்கும் அப்படித்தான். அப்பா கவலைப்பட்டு டிஸ்பென்சரிக்கு அழைத்துக்கொண்டு போனார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பூச்சி என்றார். ரோஸ் கலரில் ஒரு மருந்து. அதைக் குடித்தால் நாக்கு தடித்துப்போகும். அம்மா வேறு முடிவுக்கு வந்திருந்தாள். ஆன்ட்டியிடம் தன் அரைகுறை ஹிந்தியில் விளக்கினாள், "தீதி ஜா ரஹீ ஹை நா, இஸ்லியே." அக்கா போகப் போகிறாளே என்று ஏங்குகிறாளாம். எவ்வளவு பாசம் பார் என்று எல்லோரும் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். பெரியவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று நான் தெரிந்துகொண்டது அந்தக் குளிர்காலத்தில்தான்.

மார்கழிக் கடைசியில் பஞ்சு கொட்டுகிறவன் வந்தான். தோளில் அந்தப் பெரிய வில், நரம்பைச் சுண்டினால் தெரு முழுக்க டொய்ங் டொய்ங் என்று கேட்குமே, அதே ஆள்தான். பஞ்சைப் புல்வெளியில் கொட்டி அடித்தான். எல்லோர் தலையும் வெளுத்துப்போனது. அம்மாவும் மாடி அக்காவும் ஒருவர் தலையிலிருந்து ஒருவர் பஞ்சைப் பிடுங்கிவிட்டுச் சிரித்தார்கள். என் தலையிலும் பஞ்சு இருந்தது. யாராவது எடுப்பார்கள் என்று வெகுநேரம் தட்டாமல் வைத்திருந்தேன்.

ரஜாய் முடிந்தது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், அப்படியொரு ரஜாயை நான் அதற்கப்புறம் எந்த ஷோரூமிலும் பார்க்கவில்லை. வெயிலில் கொடியில் போட்டிருந்தபோது தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் ஒருமுறை அதற்குள் புகுந்து படுத்துப் பார்த்தேன். வெயில் சூடு உள்ளே அப்படியே இருந்தது. அந்த ரஜாயை எனக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. அது எனக்கே வேண்டும் என்றும் இருந்தது. அவள் நாசமாகப் போக வேண்டும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. ரஜாய் இல்லாமல் போனால் போதும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையின் அம்மா மதுரையிலிருந்து வந்து இறங்கினாள். மூடுபனியில் வண்டி ஏகத் தாமதம். பட்டுச் சேலை, அரைக்கை ரவிக்கை, காலில் ரப்பர் செருப்பு, கம்பளி என்று ஒரு நூல்கூடக் கிடையாது. "ஆத்தாடி, இது ஊரா ஐஸ் பெட்டியா!" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நம் காலனி வழக்கம் தெரியுமே, கல்யாணம் என்றால் புல்வெளியில் ஷாமியானா, வந்தவர்களுக்கு ஆளுக்கொரு வீட்டில் தங்கல். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எங்கள் வீடு.

சாயங்காலம் ஷாமியானாவில் சீர்வரிசையைப் பரப்பி வைத்திருந்தார்கள். குத்துவிளக்கு, பாத்திரம், பட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்த அந்த அம்மாள் ரஜாய்க்கு முன்னால் நின்றாள். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க சம்பந்தி, இது என்னா ஒட்டுத் துணி? ஊர் பூராம் கிழிச்சுக் குடுத்த பழந்துணியத் தச்சு கல்யாணச் சீர்ல வச்சிருக்கீங்க?"

மாடி மாமா என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மாதான் முன்னால் வந்தாள். "பழசுதாம்மா. ஆனா நடுவுல இருக்கது பொண்ணைப் பெத்தவுக சேலை. சுமங்கலியாப் போன புண்ணியவதி. பிள்ளைக்கு ஆசீர்வாதமா இருக்கட்டும்னுதான்..."

"அது தெரியுதுங்க. சுமங்கலி சேலைய என்னா செய்வாங்க? மணைமேல வச்சுக் கும்புடுவாங்க. நீங்க போத்திக்கிட்டுப் படுக்கச் சொல்றீங்களா? கால் படாது?"

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. பஞ்சாபி வழக்கத்தையும் நம் வழக்கத்தையும் சேர்த்துத் தைத்தவளுக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. டெல்லியில் ரொம்ப நாள் இருந்தால் நமக்கு வருகிற தப்பு அது. "சரிங்கம்மா, நான் எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லி அம்மா அதை மடிக்க ஆரம்பித்தாள்.  மாடி அக்கா நிமிரவில்லை. நான் மட்டும் ஓடிப்போய் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். ரஜாய் என் கையில் விழுந்தது. எடை தாங்காமல் தள்ளாடினேன். அந்தச் சந்தோஷத்தை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் சந்தோஷம் சாப்பாட்டுப் பந்தி முடிகிற வரைக்கும்தான். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். பல் தந்தியடிக்கிற சத்தம் சமையலறைக்குக் கேட்டது. கம்பளி கொடுத்தோம், அப்பாவின் மஃப்ளர் கொடுத்தோம், நடுக்கம் நிற்கவில்லை. எங்கள் ரஜாய்களெல்லாம் மற்ற விருந்தாளிகளுக்குப் போயிருந்தன. அம்மா என் கட்டிலிலிருந்து அந்த ரஜாயை உருவிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றாள்.

அந்த அம்மாள் ரஜாயைப் பார்த்தாள், என் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் சுங்குடிச் சதுரத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். "அந்தச் சேலை நெஞ்சுக்கு நேரா வருதான்னு பாத்துப் போத்துங்க. கால்மாட்டுக்குப் போயிரக் கூடாது" என்றாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "யம்மா, என்னா கதகதப்பு!"

காலையில் முகூர்த்தம். ஷாமியானாவுக்குள்ளேயே பனி புகுந்திருந்தது. மேலுக்கு வெறும் துண்டோடு மாப்பிள்ளை உதறிக்கொண்டிருந்தான், ஐயர் அடிக்கடி நெய் விட்டு அக்னியில் கையைக் காட்டிக் குளிர்காய்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் ரஜாயை விடவே இல்லை. தலையோடு போர்த்திக்கொண்டு மணமேடைக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். கல்யாண ஃபோட்டோ எல்லாவற்றிலும் அந்த ரஜாய்தான் இருக்கிறது, அவளுடைய பட்டுச் சேலை ஒன்றில்கூடத் தெரியாது.

அன்று சாயங்காலமே ஊருக்குக் கிளம்பும்போது அதை மடித்துப் படுக்கைச் சுருளில் வைத்துக் கட்டிவிட்டாள். "இளசுக ரெண்டும் கால நீட்டிப் படுக்கும், அதுகளுக்கு மரியாதை தெரியாது. இது எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். சம்பந்தியம்மாளிடம் யார் வாய் திறப்பது? அவளை ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மோதி பாக்குக்குக் கொண்டுபோக டாக்சி வந்தது. மாடி அக்கா குனிந்து படுக்கைச் சுருளின் ஓரத்தில் எட்டிப்பார்த்த அரக்குச் சிவப்பை ஒரு விரலால் தடவினாள். என் அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தாய் அழுகிற மாதிரியே அழுதாள். ரஜாய் அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, மதுரை வெயிலுக்குப் போகிறது. சிரிக்க வேண்டிய நேரம்தான். ஆனால் நான் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது அவள் முதுகை விடவில்லை.

மதுரையில் அந்த அம்மாள் அதை பீரோவில் வைத்திருந்து, மார்கழிப் பனிக்கு மட்டும் எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போர்த்திக்கொள்வாளாம். யாரையும் தொட விடமாட்டாளாம். அவள் போய்ச் சேர்ந்தபோது பாய், தலையணையோடு அதையும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள் என்று மாடி அக்கா பின்னாளில் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அந்த வருஷத்துக்கே வருகிறேன். கல்யாணம் முடிந்த மறுநாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் என் கட்டிலில் என் ரஜாயைக் காணோம். நீலப் பூப்போட்ட என் பழைய ரஜாய்.

"எம்மா, என் ரஜாய் எங்க?"

"அக்காவுக்குக் குடுத்து விட்டுட்டேன். மோதி பாக்குல வெறும் கம்பளியை வச்சிட்டு வெறைச்சுக் கெடக்குதுக ரெண்டும்."

நான் கத்தினேன் பாருங்கள், மாடி மாமாவே பயந்துபோய் இறங்கி வந்துவிட்டார். "என் பாவாடைய எடுத்தே, என் ஜடைய எடுத்தே, ரஜாயையும் எடுத்துட்டியா? எல்லாம் அவளுக்குத்தானா? நான் யாரு உனக்கு?" எல்லாம் வந்துவிட்டது. மருந்தில் போகாத பூச்சி.

 அம்மா அதட்டவில்லை. என்னை முதல் முறையாகப் பார்க்கிறவள் போல வெகுநேரம் பார்த்தாள். அப்புறம், "நீ எங்கிட்ட படுட்டி" என்று மட்டும் சொன்னாள்.

மிச்சக் குளிர் முழுக்க அம்மாவின் ரஜாய்க்குள் நானும் படுத்தேன். என் ஐஸ் காலை அவள் தன் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொள்வாள். கழுத்தில் மஞ்சள் வாசனை, கையில் பெருங்காயம். புது ரஜாய் தைக்கலாம் என்று அப்பா இரண்டு மூன்று தடவை சொன்னார். நான் அவசரமாக வேண்டாம் என்றேன். அம்மாவும் பேச்சை மாற்றிவிட்டாள். மோதி பாக்கில் மாடி அக்கா என் ரஜாயை எத்தனை வேண்டுமானாலும் போர்த்திக்கொள்ளட்டும்.

ஆனால் டெல்லிக் குளிர் இருக்கிறதே, வேண்டும் என்கிறபோது இருக்காது. பங்குனியிலேயே சுட்டது. சித்திரை பிறந்ததும் அம்மா ரஜாயை வெயிலில் காயவைத்து, அந்துருண்டை போட்டு, டிரங்குப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். என் கட்டிலைத் தட்டி விரித்தாள்.

"இனி உன் எடத்துல படு. வேர்க்கும்."

நான் போய்ப் படுத்தேன். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். எழுந்துபோய் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"என்னட்டி?"

"குளிருதும்மா."

அம்மா கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள். சுவர்ப்பக்கம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.